எடை மாறாமல் பில் வர, திரெட்டுக்கு ஒரு பஃபர்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு விற்கும் கடைக்கு, சி மொழியில் பில் சர்வர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நாலு கவுன்ட்டர், கவுன்ட்டருக்கு ஒரு திரெட் (ஒரே புரோகிராமுக்குள் மற்றவற்றோடு ஒரே நேரத்தில் ஓடும் தனி வேலை). எடையை எழுத்தாக்கும் ஃபங்ஷனுக்குள் 64 பைட் ஸ்டேடிக் பஃபர், அதாவது எல்லாத் திரெட்டும் பகிரும் ஒரே எழுத்திடம். இரண்டாம் கவுன்ட்டர் 82.450 கிராம் என்று எழுதி பிரின்டருக்கு அனுப்புவதற்குள், மூன்றாவது அதே இடத்தில் 116.200 என்று எழுதிவிடும். காசு கொடுப்பவர் கையில் தப்பான எடை. ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் உள்ளே விடும் லாக்கை ஃபங்ஷனுக்குள் போட்டும் பயனில்லை. ரிட்டர்ன் ஆகும்போதே லாக் விடுபடும், பஃபரைப் படிப்பது அதற்குப் பிறகுதான்.

பஃபரைக் கூப்பிடும் இடத்திலிருந்தே கொடுப்பதுதான் சுத்தமான வழி. ஃபங்ஷனின் வடிவத்தை மாற்ற முடியாவிட்டால், அளவும் 64 என்றே நிலையாக இருந்தால், சி11-இன் _திரெட்_லோக்கல் என்ற சொல்லை ஸ்டேடிக்கோடு சேர்த்தால் போதும், திரெட்டுக்கு ஒரு பஃபர் கிடைக்கும். மேலாக் செய்த (புரோகிராம் ஓடும்போது கேட்டு வாங்கிய) மெமரி என்றால் அதை விடுவிக்க ஆள் வேண்டும். அங்கேதான் திரெட்டுகளுக்கான பிதிரெட் லைப்ரரி தரும் கீ உதவும்.

கீ புரோகிராம் முழுவதற்கும் ஒன்று. அதில் வைக்கும் மதிப்பு திரெட்டுக்கு ஒன்று. பிதிரெட்_கீ_கிரியேட்டை பிதிரெட்_ஒன்ஸ் வழியாக ஒரே முறை ஓடவிடுங்கள், டிஸ்ட்ரக்டராக, அதாவது திரெட் முடியும்போது தானாக ஓடும் ஃபங்ஷனாக, மெமரியை விடுவிக்கும் ஃப்ரீ-யைக் கொடுங்கள். திரெட் தோறும் கீ உண்டாக்கினால் லினக்ஸில் 1024-ஓடு தீர்ந்து, ஈஅகெய்ன் என்ற பிழை வரும். பிறகு ஃபங்ஷனுக்குள் பிதிரெட்_கெட்ஸ்பெசிஃபிக் மூலம் இந்தத் திரெட்டின் மதிப்பைக் கேளுங்கள். நல் (NULL, இன்னும் எதுவும் வைக்கவில்லை) வந்தால் மேலாக் செய்து, பிதிரெட்_செட்ஸ்பெசிஃபிக்கில் வையுங்கள். லோக்கல் வேரியபிளின் முகவரியை வைக்கவே கூடாது. ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடம் செல்லாது.

டிஸ்ட்ரக்டரை நீங்களே எழுதினால், உள்ளே கெட்ஸ்பெசிஃபிக் கூப்பிடாதீர்கள். அதற்குள் மதிப்பு நல் ஆகியிருக்கும். ஆர்குமென்ட்டாக வருவதையே எடுங்கள். மெயினிலிருந்து ரிட்டர்ன் ஆனால் டிஸ்ட்ரக்டர் ஓடாது. பிதிரெட்_கீ_டெலீட்டும் அதைக் கூப்பிடாது.

திரெட் பூல் (அதே திரெட்டுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் தொகுப்பு) வைத்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். திரெட் சாவதில்லை, போன வாடிக்கையாளரின் எழுத்து பஃபரிலேயே கிடக்கும். ஒவ்வொரு பில்லின் தொடக்கத்திலும் முதல் பைட்டைப் பூஜ்யமாக்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு பிழை மிஞ்சும். ஒரே பிரின்ட்எஃப்-இல் மொத்த எடைக்கும் நிகர எடைக்கும் இதே ஃபங்ஷனை இரண்டு தடவை கூப்பிட்டால், இரண்டு இடத்திலும் ஒரே எண் அச்சாகும். பஃபர் ஒன்றுதானே. இரண்டு பிரின்ட்எஃப்-ஆகப் பிரித்துவிடுங்கள்.