கார்டு ரீடரில் மெமரி கார்டு தெரியவில்லையா? ஃபார்மேட் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்

கார்டை ரீடரில் செருகி, ரீடரை யுஎஸ்பி போர்ட்டில் மாட்டினால் விண்டோஸில் புது டிரைவ் வரும். கேமரா, போன் படங்கள் அதில் டிசிஐஎம் ஃபோல்டருக்குள் இருக்கும். அப்படி வராதவர்களுக்குத்தான் இனி சொல்வது.

முதலில் போர்ட்டை மாற்றுங்கள். டெஸ்க்டாப் என்றால் கேபினட்டின் முன்பக்கம் வேண்டாம், பின்னால் மதர்போர்டில் இருக்கும் போர்ட்டில் நேரடியாக மாட்டுங்கள். 2 ஜிபிக்கு மேற்பட்ட கொள்ளளவுக்கான எஸ்டிஹெச்சி வகை கார்டு வந்தது 2006-இல். அதற்கு முந்தைய ரீடர் 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டைப் படிக்காது. அதோடு மல்லுக்கட்டாமல் புதிதாக வாங்கிவிடுங்கள்.

அப்படியும் வரவில்லையா? விண்டோஸ் கீயோடு எக்ஸ் அழுத்தி டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்கள். பெரும்பாலும் விடை இங்கேதான். கீழ்ப்பகுதியில் ‘நோ மீடியா’ என்றிருந்தால் ரீடர் நன்றாக இருக்கிறது, கார்டுதான் தொடவில்லை. எடுத்து, பொன்னிறப் பட்டைகளை உலர்ந்த துணியால் துடைத்து மறுபடி செருகுங்கள். கார்டின் அளவு சரியாகத் தெரிந்து டிரைவ் எழுத்து (சி, டி போல) மட்டும் இல்லையென்றால், அந்தப் பார்ட்டிஷன் மேல் ரைட் கிளிக் செய்து, ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்’, பிறகு ‘ஆட்’. எம், என் போல யாரும் பயன்படுத்தாத எழுத்தாகக் கொடுங்கள். அலுவலகக் கணினிகளில் நெட்வொர்க் டிரைவ் ஏற்கெனவே பிடித்துவைத்திருக்கும் எழுத்தோடு மோதுவதால் வரும் கோளாறு இது.

‘ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கேன்சல். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் போட்ட கார்டுக்கு விண்டோஸ் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கும். லினக்ஸ் பார்ட்டிஷன் அதற்குப் புரியாது, கார்டில் பழுதில்லை. ஆண்ட்ராய்டு போனில் ‘இன்டர்னல் ஸ்டோரேஜ்’ ஆக்கிய கார்டும் அப்படியே. அது என்க்ரிப்ட் (பூட்டிய சங்கேத வடிவம்) ஆகியிருக்கும், அந்த போனில் மட்டுமே திறக்கும். இரண்டும் இல்லையென்றால் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் படங்களை மீட்டுப் பாருங்கள். மீட்டதைக் கணினியில் சேமியுங்கள், அதே கார்டில் அல்ல.

படிக்கிறது, ஆனால் எழுத விடாமல் ‘ரைட் புரொடெக்டட்’ என்கிறதா? மைக்ரோ எஸ்டியைச் செருகும் எஸ்டி அடாப்டரின் இடது விளிம்பில் ஒரு சின்ன லாக் இருக்கும். மேலே, அதாவது ரீடருக்குள் போகும் பக்கம் தள்ளியிருந்தால் எழுதலாம். லாக் தளர்ந்த அடாப்டரில், உள்ளே செருகும்போதே உரசிக் கீழிறங்கி பூட்டிக்கொள்ளும். வெளியில் பார்க்கும்போது திறந்திருக்கும், உள்ளே போனதும் பூட்டு! லாக்கை மேலே தள்ளி அதன் மேல் மெல்லிய செல்லோடேப் ஒட்டினால் நகராது. மைக்ரோ எஸ்டியில் இந்த லாக்கே கிடையாது. அதனால் மைக்ரோ எஸ்டிக்குத் தனித் துளை உள்ள ரீடர்தான் என் தேர்வு. அதிலும் யுஎஸ்பி 3.0 வாங்குங்கள்: 32 ஜிபியை நகலெடுக்க யுஎஸ்பி 2.0-இல் கிட்டத்தட்ட 18 நிமிடம், 3.0-இல் நல்ல கார்டு என்றால் ஆறேழு நிமிடம்.

எடுக்கும் முன் டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து ‘இஜெக்ட்’. ரீடரில் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் கார்டைத் தொடாதீர்கள்.