கடல்நீர்த் தொட்டியில் நத்தை வளர்ப்பவர்களுக்கு: கண்ணாடியில் ஒரு டேப் துண்டு

கடல்நீர் மீன்தொட்டியில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அங்கே கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு டேப் துண்டை ஒட்டிவிடுங்கள். தினமும் காலையில் அந்த மட்டம் வரும்வரை உப்புக் கலக்காத ஆர்.ஓ. தண்ணீரை மெதுவாக ஊற்றினால் போதும். தொட்டிக்கு அடியில் தனி ஃபில்டர் தொட்டி இருந்தால், அதில் பம்ப் இருக்கும் அறையில் டேப்பை ஒட்டுங்கள். தண்ணீர் இறங்குவது அங்கேதான் தெரியும்.

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். உப்பின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் சக்தி நத்தைக்கு மீனைவிடக் குறைவு. சென்னை வெயிலில், தொட்டிமேல் ஃபேனும் ஓடினால், சில நாளிலேயே தண்ணீரின் அடர்த்தி (உப்பு எவ்வளவு என்று காட்டும் எண்) வழக்கமான 1.025-ஐத் தாண்டி ஏறிவிடும். பாசி மேய்ந்துகொண்டிருந்த நத்தை கண்ணாடியிலிருந்து கழன்று விழுந்து, ஓட்டின் மூடியை இறுக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக ஊற்றுவதும் அதற்குக் கெடுதல்தான்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் சும்மா கிடைக்கிறதே என்று தயவுசெய்து ஊற்றாதீர்கள். பல ஏசிகளில் அது செம்புக் குழாய்மேல் வழிந்து வருகிறது. செம்பு நத்தைக்கு விஷம். காப்பர் சேர்த்துத் தரும் ஆர்.ஓ. மெஷின் தண்ணீரும் அதனால்தான் ஆகாது.

தொட்டி கசிந்தோ, நீங்களே பழைய தண்ணீரை வெளியே எடுத்தோ மட்டம் குறைந்திருந்தால் இந்த முறை பொருந்தாது. தண்ணீரோடு உப்பும் போயிருக்கும். அப்போது அதே அடர்த்தியில் கலந்த உப்புத் தண்ணீரைத்தான் ஊற்றவேண்டும்.