வசதியற்ற காட்டில் ஓர் இரவு தங்குவது எப்படி: வடசென்னையிலிருந்து கிளம்புவோருக்கு

குழாய், கழிப்பறை, மின்விளக்கு, பெட்டிக்கடை என எதுவும் இல்லாத காட்டுக்குள், வேண்டியதையெல்லாம் முதுகில் சுமந்து சென்று ஓர் இரவு தங்கித் திரும்ப நினைப்பவர்கள் பெரும்பாலும் கூடாரத்தைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். நான் தண்ணீரிலிருந்து தொடங்கச் சொல்வேன். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு நின்று, பிடித்த குடத்தை மூன்றாவது மாடிக்குத் தூக்கிச் சென்ற வடசென்னைக்காரருக்குத் தண்ணீரின் எடையும் அருமையும் உடம்பிலேயே பதிந்திருக்கின்றன. காட்டில் முதலில் கைகொடுப்பது அந்த அறிவுதான்.

கணக்கு எளிமையானது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நம் பக்கத்து வெயிலில் சுமையோடு நடப்பவருக்குக் குடிப்பதற்கு மட்டும் நாளொன்றுக்கு 4 லிட்டராவது வேண்டும். சமைக்கவும் கழுவவும் இன்னும் 2 லிட்டர் என்று வைத்தால், இரண்டு பகலுக்கு ஆளுக்கு 12 கிலோ ஆகிவிடுகிறது. துணி, உணவு, படுக்கை ஆகியவற்றோடு இதையும் சுமந்து மலையேறுவது பழக்கமில்லாதவரால் இயலாது. முதல் முறை போனபோது நான் இந்தக் கணக்கைப் போடாமல் ஆளுக்கு இரண்டு பாட்டில்களோடு கிளம்பி, மதியத்துக்குள் நா வறண்டு, தங்காமலே இறங்கி வந்தேன். ஆகவே, தங்கும் இடத்துக்கு அருகில் நீர் ஓடும் ஓடை இருக்கிறதா என்பதை வனத்துறையினரிடமோ அடிவாரத்து ஊர்க்காரரிடமோ கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே மற்ற திட்டங்களைப் போட வேண்டும். ஓடை நீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது. நான்காக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டி, தளதளவெனக் கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துக் குடிப்பதே நம்பகமானது. குளோரின் மாத்திரை போடுவதென்றால் அதன் அட்டையில் உள்ள அளவின்படி போட்டு, குறைந்தது 30 நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். கலங்கிய நீரில் அது சரியாக வேலை செய்யாது. சில கிருமிகளை அதனால் கொல்லவும் முடியாது.

அடுத்தது அனுமதி. அமெரிக்காவின் தேசிய வனங்கள் பெரும்பாலானவற்றில், விதிகளுக்கு உட்பட்டு, விரும்பிய இடத்தில் பொதுவாக 14 நாட்கள் வரை தங்கலாம் என்பதை இணையத்தில் பார்த்துவிட்டு, இங்கும் அப்படியே செய்யலாம் என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, மலையேற்றத்துக்கென்றே தமிழக அரசு தனி விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை இணைய முன்பதிவுடன் திறந்தது. அவற்றுள் நமக்கு அருகில் இருப்பது பூண்டியைத் தாண்டி, கற்கால மனிதர் புழங்கிய குடியம் குகைப் பாதை. அது பகலில் சென்று திரும்புவதற்கானது. இரவு தங்குவதற்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டும். மறுத்தால், காட்டோரத்தில் தோட்டம் வைத்திருப்பவரிடம் சம்மதம் பெற்று அவருடைய நிலத்தில் தங்குங்கள். இந்தப் பயிற்சிக்கு அதுவே போதுமானது. மாதவரத்திலிருந்து பேருந்து ஏறினால் எளிதில் போய்விடலாம் என்பதால் நாகலாபுரம், தடா பக்கத்து ஆந்திர மலைகளுக்கு இரவில் நுழைய ஆசைப்படுபவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: ஆந்திராவின் இந்தப் பக்கத்து மலைகள் செம்மரக் கடத்தலைத் தடுக்கக் கண்காணிக்கப்படுபவை. அனுமதிச் சீட்டு இல்லாமல், தமிழ் பேசிக்கொண்டு, இருட்டில் அங்கே நடமாடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

பருவத்தைப் பொறுத்தவரை, ஜனவரியும் பிப்ரவரியின் முதல் பாதியும்தான் ஏற்றவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் ஓடைகள் திடீரென்று பெருகும். பிப்ரவரி நடுவிலிருந்து புல் காய்ந்து தீ பிடிக்கும் காலம் தொடங்குவதால் பாதைகளை மூடிவிடுவார்கள்.

பொருட்களுக்காகப் பெரிய செலவு தேவையில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் எடை குறைந்த தார்ப்பாய் ஒன்று, தரைக்கு விரிக்க இன்னொன்று, நல்ல கொசுவலை, தலையில் மாட்டும் டார்ச், அவ்வளவுதான். கயிற்றை மட்டும் காசிமேட்டில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடைகளில் வாங்குங்கள். உப்பு நீரிலும் வெயிலிலும் உழைக்கச் செய்யப்பட்ட நைலான் கயிறு எந்த மழையையும் தாங்கும். இறுக்கமாகவும் வேண்டும்போது உடனே அவிழும்படியும் முடிச்சுப் போட, படகில் போகிறவர் யாரிடமாவது அரைமணி நேரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டால் இரண்டு மரங்களுக்கிடையே கயிறு கட்டித் தார்ப்பாயைச் சரிப்பது கடினமாக இருக்காது.

கிளம்புவதற்கு முன்பு ஒரு சனிக்கிழமை இரவை உங்கள் மொட்டை மாடியில் கழிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆளுக்கு 6 லிட்டர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு, குழாயைத் தொடாமல், கொண்டுபோகும் பொருட்களை மட்டும் வைத்துச் சமாளியுங்கள். எது தேவையில்லை, எது விடுபட்டது என்பது விடியும்போது தெரிந்துவிடும். நம் பகுதி முழுவதும் சமதரை என்பதால் கால்களுக்கு ஏற்றம் பழகியிருக்காது. நிரப்பிய பையை முதுகில் மாட்டிக்கொண்டு குடியிருப்பின் நான்கு மாடிகளையும் தினம் பத்து முறை, மூன்று வாரங்களுக்கு ஏறி இறங்குவது உண்மையிலேயே பயன் தந்தது.

காட்டில், வெளிச்சம் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இடத்தைத் தேர்ந்துவிட வேண்டும். காய்ந்த ஓடைப்படுகையின் மணல் மெத்தைபோல் அழைத்தாலும் அங்கே படுக்கக் கூடாது; மேலே மலையில் பெய்யும் மழை, உங்கள் தலைக்கு மேல் ஒரு மேகமும் இல்லாதபோதே வெள்ளமாக இறங்கி வரும். ஓடையிலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர், அதாவது எண்பது எட்டு, தள்ளி மேட்டில் தங்குங்கள். விலங்குகள் நீருக்கு வரும் வழியை மறிக்காமல் இருப்பதற்கும் அந்தத் தொலைவு உதவும்.

விறகு மூட்டுவது அறவே வேண்டாம். சிறிய எரிவாயு அடுப்பையும் அனுமதி தருபவரிடம் கேட்டே எடுத்துச் செல்லுங்கள். அவர்கள் மறுத்தால் கொதிக்கவைக்க வழியில்லை என்பதால் தண்ணீருக்கு மாத்திரை கட்டாயம். முதல் இரவுக்குப் புளிச்சோறு கட்டிக்கொள்ளலாம். மறுநாளுக்கு அவல், பொட்டுக்கடலை, வெல்லம் போதும். இவை அடுப்பே கேட்காதவை. நம் ஊர்க் கருவாட்டை விட்டுப் பிரிய மனம் வராது என்றாலும், அதன் வாசனை காட்டுப்பன்றியையும் நரியையும் படுக்கை வரை கூட்டிவரும் என்பதால் வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள்.

இரவைப் பற்றி அஞ்ச வேண்டியது புலி, சிறுத்தையை அல்ல, கட்டுவிரியனை. அது இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல நேரங்களில் வலியே தெரியாமல், விடியும்போதுதான் கண் இமை தூக்க முடியாமல் போவது தெரியவரும். கொசுவலையின் ஓரத்தை விரிப்புக்கு அடியில் சுற்றிலும் செருகிப் படுப்பதே இதற்கு நல்ல காப்பு. எழுந்தால் டார்ச் இல்லாமல் அடியெடுத்து வைக்காதீர்கள். காலையில் செருப்பை உதறாமல் மாட்டாதீர்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவதோ, கீறுவதோ, உறிஞ்சுவதோ கூடாது. கடிபட்ட கை காலை அசையாமல் குச்சி வைத்துக் கட்டி, நேரத்தைக் குறித்துக்கொண்டு, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். காட்டுக்குள் 108-ஐ அழைக்கச் சிக்னல் கிடைக்காமல் போகலாம் என்பதால், அந்த மருத்துவமனை எது, சாலை எங்கே தொடங்குகிறது என்பதைப் புறப்படும் முன்பே எழுதி ஒவ்வொருவரும் சட்டைப்பையில் வைத்திருங்கள். இதற்காகவே நான்கு பேருக்குக் குறையாமல் போகச் சொல்கிறேன்: அடிபட்டவரோடு ஒருவர் இருக்க, இருவர் உதவி தேடிச் செல்லலாம்.

மலம் கழிக்க, நீரிலிருந்து அதே எண்பது எட்டுக்கு அப்பால், சிறிய களைக்கொத்தால் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, கழுவும் நீரையும் அதிலேயே விட்டு மண்ணால் மூடுங்கள். பாத்திரத்தையும் ஓடையில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம். பூண்டியில் தேங்கும் கொசஸ்தலை ஆற்று நீர் புழல் ஏரிக்கு வந்து நம் குழாய்களில் ஏறுகிறது. அந்த ஆறுதான் எண்ணூரில் கடலைச் சேர்கிறது. மேலே எந்த ஓடையில் நாம் எதைக் கலந்தாலும், கீழே அதைக் குடிக்கப்போகிறவர் ஒருவர் இருக்கிறார். குப்பை முழுவதும், பழத்தோல் உட்பட, ஒரு பையில் உங்களோடு திரும்பி வரட்டும்.

வீட்டுக்கு வந்ததும் உடம்பை அக்குள், இடுப்பு, முழங்காலின் பின்புறம் வரை சோதித்துப் பாருங்கள். புதரிலும் புல்லிலும் வாழும் நுண்ணிய பூச்சி கடிப்பதால் வரும் உண்ணிக்காய்ச்சல், திரும்பி வந்து மூன்று வாரங்கள் வரைகூடத் தலைகாட்டலாம். கடித்த இடத்தில் சிலருக்குச் சிகரெட்டால் சுட்டதுபோல் கருத்த பொருக்கு இருக்கும். அந்த நாட்களில் காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் காட்டில் தங்கியதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.