டீப் பிரீசர் வாங்கப் போகிறீர்களா? கடைக்கு முன் குசினியைப் பாருங்கள்

திருகோணமலையில் டீப் பிரீசர் ஆசை பெரும்பாலும் வைகாசி, ஆனியில்தான் வரும். கடல் அமைதியாக இருக்கும், மீன் மலிந்து கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்று எழும்பியதும் அதே மீனின் விலையைக் கேட்கவே பயமாக இருக்கும். மலிந்த நேரம் வாங்கிப் போட்டு வைக்கலாமே என்று நாங்களும் நினைத்தோம். நேரே கடைக்குப் போய், கண்ணுக்குப் பிடித்த 300 லீற்றர் பெட்டியை வாங்கி வந்தோம். குசினிக் கதவுக்குள் அது நுழையவில்லை. மூன்று வருடம் விறாந்தையில் அரைவாசி காலியாகவே நின்றது.

முதல் படி: அளவு நாடா

வாசல், குசினிக் கதவு, திரும்பும் மூலை எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். மூடி மேல்நோக்கித் திறக்கும் வகையென்றால், மேலே தட்டு எதுவும் இடிக்கக்கூடாது. சுற்றிவர நான்கு அங்குலமாவது இடம் விடுங்கள். பல பெட்டிகளில் உள்ளிருக்கும் சூடு பக்கச் சுவர் வழியாகத்தான் வெளியேறும். பக்கம் சூடாக இருக்கிறதே, பழுதோ என்று பயப்பட வேண்டாம், அது வேலை செய்கிறது என்று அர்த்தம். அடுப்புக்குப் பக்கத்திலும் வெயில் படும் இடத்திலும் வைக்காதீர்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்த விறாந்தையும் வேண்டாம். உப்புக்காற்றுக்கு அடித்தகடு துருப்பிடித்துவிடும்.

இரண்டாம் படி: எவ்வளவு போடப் போகிறீர்கள்?

ஒரு லீற்றருக்கு அரைக் கிலோ என்பது என் கைக்கணக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டில் மாதம் 25 கிலோ மீன், 8 கிலோ கோழி, தேங்காய்ப்பூ, மற்றதெல்லாம் ஒரு 10 கிலோ என்று வைத்தாலும் 90 லீற்றருக்குள் அடங்கும். பெருநாள், விசேஷத்துக்குக் கொஞ்சம் கூட்டினாலும் 150 லீற்றர் தாராளம்.

ஆறு மாதத்து மீனைச் சேர்ப்பதென்றால் இன்னும் பெரிது வேண்டாமா என்று கேட்பீர்கள். அங்கேதான் எங்கள் கணக்கு பிழைத்தது. சூரை, சாளை போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மீன் இரண்டு, மூன்று மாதத்துக்கு மேல் சுவை கெட்டுக் காறல் அடிக்கும். விளைமீன் மாதிரிக் கொழுப்புக் குறைந்தது ஐந்தாறு மாதம் தாங்கும். ஆனியில் போட்ட சூரையை மார்கழியில் எடுத்தால் குழம்பு வாய்க்காது. மார்கழிக்கென்று சூரை சேர்ப்பதானால் புரட்டாசியில் வாங்குங்கள்.

மூன்றாம் படி: பெட்டியா, அலுமாரியா?

மேலே திறக்கும் பெட்டியைத் திறந்தாலும் குளிர்காற்று கனமென்பதால் உள்ளேயே தங்கும். கரண்ட் மிச்சம். ஆனால் அடியில் கிடக்கும் பார்சலை எடுக்கக் குனிந்து தோண்ட வேண்டும். முதுகுவலிக்கார அம்மம்மா உள்ள வீட்டுக்கு அலுமாரி மாதிரி நிற்பதுதான் நல்லது. இடமும் குறைவாகவே பிடிக்கும். பனி தானாக உருகும் வகை சுலபம்தான், கரண்ட் கொஞ்சம் கூட எடுக்கும். என் ஓட்டு பெட்டிக்கே. பிளாஸ்டிக் கூடைகள் போட்டு, மேலே மீன், கீழே கோழி என்று பிரித்தால் தோண்டும் வேலை குறையும். ஐஸ்கிரீம் கடைகளில் இருக்கும் கண்ணாடி மூடிப் பெட்டி மலிவாகக் கிடைத்தாலும் வீட்டுக்கு எடுக்காதீர்கள், கண்ணாடி வழியாகச் சூடு உள்ளே போகும்.

நான்காம் படி: லேபலைப் படியுங்கள்

காலநிலை வகுப்பு என்ற இடத்தில் ஆங்கில ‘டி’ எழுத்து இருக்க வேண்டும். 43 பாகை வெப்பம் வரை வேலை செய்யும் என்று பொருள். ‘என்’ மட்டும் இருந்தால் 32 பாகை வரைதான், நம்மூர்ச் சித்திரைக்கு அது போதாது. உறைய வைக்கும் திறனைக் காட்டும் நட்சத்திரம் நான்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்று நட்சத்திரப் பெட்டி உறைந்ததை வைத்திருக்க மட்டும், பச்சை மீனை உறைய வைக்க நான்கு வேண்டும். வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருந்தால் 12ஆல் வகுத்து, நம் வெக்கைக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். யூனிட் கூடக் கூட விலையும் ஏறுவதால், இருபது முப்பது யூனிட் கூடினாலே பில்லில் தெரியும்.

ஐந்தாம் படி: கடையில்

மூடிக்கு நடுவே ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். வழுக்கி வந்தால் றபர் சரியில்லை. பனி உருகும் தண்ணீர் வெளியேற அடியில் துவாரம் இருக்கிறதா பாருங்கள். கம்பிரசருக்கு எத்தனை வருட உத்தரவாதம், மற்ற பாகங்களுக்கு எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள். திருத்துபவர் திருகோணமலையில் இருக்கிறாரா, கொழும்பிலிருந்து வர வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: வீட்டில்

வழியில் சரித்துக் கொண்டுவந்திருந்தால், நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்துத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். தனிப் பிளக், ஏர்த், கரண்ட் திரும்பி வந்ததும் மூன்று நிமிடம் பொறுத்து இயங்கவிடும் கார்ட், மூன்றும் அவசியம். கரண்ட் போனால் மூடியைத் திறக்காதீர்கள். நிறைந்த பெட்டி இரண்டு நாள் தாங்கும், அரைவாசி நிறைந்தது ஒரு நாள்தான்.

வெறும் பெட்டியை ஒரு நாள் ஓடவிட்டு, உள்ளே கழித்தல் 18 பாகை வந்த பிறகு மீனைப் போடுங்கள். ஒரேயடியாக நிரப்பாதீர்கள், 24 மணி நேரத்தில் எத்தனை கிலோ உறையும் என்று லேபலில் இருக்கும். சூரையை மட்டும் வாங்கிய கையோடு வெட்டிக் கழுவிப் போட்டுவிடுங்கள். வெக்கையில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். உண்டானது பிரீசரிலும் போகாது, அடுப்பிலும் போகாது.