குளிர் தண்ணில பாஸும் ஃப்ளவுண்டரும் கடிக்க ஆரம்பிச்சது எப்படி – என் அனுபவம்

அமெரிக்காவுல நியூஜெர்சில பே (விரிகுடா), ஆறு எல்லாம் ஸ்ட்ரைப்ட் பாஸ்ங்கற வரி போட்ட மீனப் பிடிக்க மார்ச் 1-ல திறந்துடும், ஆனா தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும், காலைல ராரிட்டன் பே கரையில போய் நின்னா தூண்டில் ராடு நுனி அசையவே அசையாது. எனக்கு இத சரி பண்ணினது நேரத்த மாத்தினதுதான். வெயில் நல்லா அடிச்ச நாளா பாத்து மதியத்துக்கு மேல, வத்தம் (கடல் தண்ணி வடியறது) இழுக்கற நேரத்துல போறேன், ஏன்னா ஆழமில்லாத கருஞ்சேத்துத் தரை வெயில்ல சூடேறி அந்தத் தண்ணி வடிஞ்சு வெளிய வரும்ல, அந்த வாய்க்கால் ஓரமாதான் பாஸ் வந்து நிக்கும். ரெண்டு மூணு டிகிரி வித்தியாசமே போதும். பிளட்வார்ம்ங்கற கடல் புழுவ இன்லைன் சர்க்கிள் முள்ளுல (நுனி பக்கவாட்டுல திரும்பாத, வட்டமா வளைஞ்ச தூண்டில் முள்ளு) கோத்து அடில போட்டுட்டு விட்டுடணும், கடிச்சா வெடுக்குனு இழுக்காதீங்க, தூண்டில் நரம்பு மெதுவா இறுகட்டும், முள்ளு தானா வாயோரத்துல மாட்டிக்கும் (இரை போட்டு பாஸ் பிடிக்க இந்த முள்ளுதான்னு சட்டமே இருக்கு, விடற மீன் பொழைக்குது, ரொம்ப நல்ல சட்டம்).

குளிர்கால ஃப்ளவுண்டர்ங்கற (விண்டர் ஃப்ளவுண்டர்) தட்டை மீனுக்கு வாய் சின்னது, பெரிய முள்ளுன்னா புழுவ மட்டும் உருவிட்டு போயிடும். சின்ன, நீளக் காம்பு முள்ளுல ஒரு துண்டு புழு, பக்கத்துல உடைச்ச மட்டிய வலைப்பையில கட்டி இறக்கினேன், வாசனைக்கு வர ஆரம்பிச்சது. நரம்புல கட்டின ஈயக் குண்ட அப்பப்ப தூக்கி தரைய தட்டுங்க, சேறு கிளம்பினா இன்னும் சீக்கிரம் வரும். 12 இன்ச்சுக்கு கீழ இருந்தா திருப்பி விட்டுடுங்க.