மூன்று பேரும் தவழத் தொடங்கிவிட்டார்களா? இந்தத் தவறுகளைச் செய்துவிடாதீர்கள்

எங்கள் வீட்டில் மூன்று பேரும் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள். முதல் ஏழெட்டு மாதம் தூக்கமில்லாததுதான் பெரும்பாடு. ஆனாலும் கிடத்திய இடத்தில் கிடந்தார்கள். ஒரு நாள் காலையில் பார்த்தால் பாயில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். கடைக்குட்டி கட்டிலுக்கு அடியில், தூசி படிந்த ஒரு சாக்ஸைச் சப்பிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் வந்த மாதங்களில் நாங்கள் செய்த தவறுகள் கொஞ்சநஞ்சமல்ல. அவற்றில் முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

பெரிய தவறு, கண்ணை நம்புவது. "பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன்" என்பது ஒரு குழந்தைக்குச் சரி. மூன்று பேர் ஆளுக்கொரு திசையில் போகும்போது, ஒருவனைத் தூக்கக் குனிந்தாலே மற்ற இருவருக்கும் முதுகைக் காட்டியாகிவிட்டது. டயப்பர் மாற்றும் இரண்டு நிமிடம் என்பது தவழும் பிள்ளைக்கு மிக நீண்ட நேரம். அதனால் உங்கள் கண் பார்க்காத நேரத்திலும் குழந்தைகளைக் காப்பாற்றும்படி அறை இருக்க வேண்டும். வீடு முழுவதையும் அரைகுறையாகச் சரிசெய்வதைவிட, ஒரே ஓர் அறையை முழுதாகச் சரிசெய்யுங்கள்.

அதை நின்றுகொண்டு செய்யாதீர்கள். தரையில் குப்புறப் படுத்து ஒரு சுற்று பாருங்கள். நான் அப்படிப் படுத்த அன்றுதான் சோபாவுக்கு அடியில் ஒரு சின்ன ரிமோட்டைப் பார்த்தேன். பின்மூடி கழன்று, உள்ளே இருந்த பட்டன் பேட்டரி பாதி வெளியே வந்திருந்தது. எடுத்துக் கையில் வைத்தபோது என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாக அரித்துவிடும். மூவரில் ஒருவர் விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருந்து பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். யார் விழுங்கியது என்று தெரியாவிட்டால் மூவரையும் கொண்டுபோங்கள். சின்னப் பொருட்களுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. டாய்லெட் பேப்பர் சுருளின் நடுவில் இருக்கும் அட்டைக் குழாய்க்குள் நுழையும் எதுவும் அவர்கள் கைக்கு எட்டக்கூடாது.

அடுத்தது, ஒரு குழந்தையை மனதில் வைத்து எழுதிய பாதுகாப்பு ஆலோசனையை அப்படியே பின்பற்றுவது. மூன்று பேர் சேர்ந்து ஒரு தடுப்பில் சாய்ந்தால், ஆளுக்கு 8 கிலோ என்றால்கூட 24 கிலோ எடை. எங்கள் மடக்குத் தடுப்பை மூவரும் சேர்ந்து தள்ளிக்கொண்டு கூடத்தைக் கடந்ததை நானே பார்த்தேன். தடுப்பைச் சுவரோடு பிணையுங்கள். மாடிப்படியின் உச்சியில், சுவருக்கிடையே இறுக்கி நிறுத்தும் வகை போதாது. திருகாணி போட்டு முடுக்கும் கதவுதான் வேண்டும். பீரோ, புத்தக அலமாரி, டிவி எல்லாவற்றையும் சுவரோடு பிணைத்துவிடுங்கள். ஒருவன் இழுப்பறையைத் திறப்பான், இன்னொருத்தி அதையே படியாக்கி ஏறுவாள். தனியாளாக எட்டாத உயரத்தை உடன்பிறப்பின் முதுகில் கால் வைத்து எட்டுகிறவர்கள் இவர்கள்.

தொட்டிலிலும் இதே கதைதான். அதிவேகமான பிள்ளை எழுந்து நிற்கும் முன்பே மூன்று தொட்டில்களின் மெத்தையையும் ஒரே நாளில் கீழே இறக்கிவிடுங்கள். "மற்ற இருவரும் இன்னும் உட்காரவே இல்லையே" என்று தள்ளிப்போட வேண்டாம். பெரிய கட்டிலில் படுக்கவைத்துச் சுற்றிலும் தலையணையை அணைகட்டுவது ஏறக்குறைய எல்லா வீட்டிலும் நடக்கிறது. தவழும் பிள்ளைக்குத் தலையணை வெறும் படிக்கட்டு. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தூங்கும்போது முகத்தில் அழுந்தினால் மூச்சுமுட்டும் ஆபத்தும் உண்டு.

வாக்கர் வேண்டவே வேண்டாம். நான் சொல்வது உட்கார்ந்து ஓட்டும் சக்கர வாக்கரை. அது நடை பழக உதவுவதில்லை. கண் இமைக்கும் நேரத்தில் படியருகேயோ அடுப்பருகேயோ கொண்டுபோய்விடும். கனடாவில் 2004ஆம் ஆண்டிலிருந்து அதை விற்கவே தடை.

குளியலைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நேரம் மிச்சம் என்று மூவரையும் ஒன்றாகத் தொட்டியில் இறக்காதீர்கள். 5 சென்டிமீட்டர் தண்ணீரே ஒரு குழந்தை மூழ்கப் போதும். மூழ்கும் குழந்தை கத்தாது, சத்தமில்லாமல் சரிந்துவிடும். இரண்டு பேர் தடுப்புக்குள் இருக்க, ஒருவரை மட்டும் குளிப்பாட்டுங்கள். வெளியே ஒருவர் வீறிட்டு அழுதாலும், தண்ணீரில் இருப்பவரைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். வாளியில் தண்ணீர் மிச்சம் வைக்காதீர்கள்.

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பார்கள். மூவர் இருக்கும் வீட்டில் அந்தப் பழமொழியை நம்பினால் ஆபத்து. அழுகிறவரிடம் ஓடும் பழக்கம் நமக்கு இயல்பாகவே வந்துவிடும். ஆனால் அழுகிறவருக்கு மூச்சு வருகிறது என்று தெரியும். சத்தமே காட்டாதவரைத்தான் முதலில் ஒரு பார்வை பார்க்க வேண்டும். எங்கள் நடுவுள்ளவன் அமைதியானவன். அவன் அமைதியாக இருந்தான் என்றால் வாயில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

காய்ச்சல் வந்தால் மூவருக்கும் சேர்ந்தே வரும். அப்போதுதான் ஒருவருக்கு இரண்டு முறை மருந்தும் இன்னொருவருக்கு ஒன்றுமில்லாமலும் போகிறது. பாரசிட்டமால் அளவு எடையைப் பொறுத்தது. மூவரின் எடையும் ஒன்றாக இருக்காது, அதனால் அளவும் ஒன்றாக இருக்காது. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, மூன்று கட்டம் போட்டு, மேலே பெயரும் டாக்டர் சொன்ன அளவும் எழுதிவைத்தோம். மருந்து உள்ளே போன மறுநிமிடமே நேரத்தைக் குறித்துவிட வேண்டும், அடுத்த பிள்ளையைத் தொடும் முன்பே.

ஒப்பிடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று குழந்தைகள் ஒன்றாகப் பிறக்கும்போது பெரும்பாலும் நாளுக்கு முன்பே பிறக்கிறார்கள். 40 வாரத்தில் பிறக்க வேண்டியவர்கள் 32 வாரத்தில் பிறந்தால் 8 வாரத்தைக் கழித்துத்தான் வளர்ச்சியைக் கணக்கிட வேண்டும். 2 வயது வரை டாக்டர்கள் இப்படித்தான் பார்க்கிறார்கள். நாட்காட்டிப்படி 9 மாதம் என்றால் தவழ்வதில் 7 மாதக் குழந்தை. மூவருக்குள்ளேயும் ஒருவர் மாதக்கணக்கில் பின்தங்கலாம். ஆனால் ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது, உடலின் ஒரு பக்கத்தை இழுத்துக்கொண்டு தவழ்வது, கற்றதை மறப்பது, இவற்றைப் பார்த்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். நகராத குழந்தையை நடக்கும் இருவருக்கு நடுவே தரையில் விட்டுவிட்டுப் போவதும் கூடாது. மிதிபடுவதும் கடிபடுவதும் அவளாகத்தான் இருக்கும்.

கடைசியாக, உதவிக்கு ஆள் வந்தால் பாதுகாப்பு தானாகக் கூடிவிடும் என்று நினைப்பது. எங்கள் வீட்டில் மூத்தவன் சமையலறைக்குள் போய் அடுப்படியில் நின்றபோது வீட்டில் நான்கு பெரியவர்கள் இருந்தோம். "நீ பார்க்கிறாய் என்று நினைத்தேன்" என்று நால்வரும் சொன்னோம். அன்றிலிருந்து வாய்விட்டுச் சொல்லித்தான் ஒப்படைக்கிறோம். "மூணு பேரும் இப்ப உங்ககிட்ட" என்று ஒருவர் சொல்ல வேண்டும், "சரி, மூணு பேரும் என்கிட்ட" என்று மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். பதில் வரும்வரை யாரும் இடத்தைவிட்டு நகர்வதில்லை.