ஏ.பி.ஜி. (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) சீட்டைப் படிப்பது எப்படி? பெங்களூரு ஐ.சி.யூ.விலிருந்து ஒரு பாலபாடம்

"அண்ணா, இவருக்கு நுரையீரல்ல ஒரு கோளாறும் இல்லையே, ஆக்சிஜன் ஏன் 76-லயே நிக்குது?" சென்னையில் படித்துவிட்டு இங்கே வேலைக்குச் சேர்ந்த தம்பி கேட்டான்.

ஊர் மேட்டில் இருக்கிறது, அதுதான் காரணம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் நமக்கு ஏறக்குறைய 680. நீராவிக்கு 47 கழித்து, மிச்சத்தில் ஆக்சிஜனின் பங்கான 21 சதவீதம் எடுத்து, கார்பன் டை ஆக்சைடுக்காக 50 கழியுங்கள். நுரையீரல் காற்றறையில் சென்னைக்காரருக்கு 100, நமக்கு 83. தமனி ரத்தத்தில் இன்னும் கொஞ்சம் குறையும். புத்தகத்தில் இருக்கும் 80–100 கடற்கரை ஊர்க் கணக்கு. ஆகவே ஒவ்வொரு எண்ணிடமும் கேளுங்கள்: இந்த ஆளுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்?

படி 1: ரத்தம் எடுப்பது. ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) போட்ட சிரிஞ்சில் காற்றுக்குமிழி இருந்தால் உடனே வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் கார்பன் டை ஆக்சைடு குறைந்தும், ஆக்சிஜன் அறைக்காற்றின் அளவை நோக்கி நகர்ந்தும் காட்டும். 30 நிமிடத்துக்குள் மெஷினில் போடுங்கள். நோயாளிக்கு எத்தனை சதவீத ஆக்சிஜன் போகிறது என்று சீட்டில் எழுத மறக்காதீர்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

படி 2: பி.எச்., அதாவது ரத்தத்தின் அமில-கார அளவு. 7.35-க்குக் கீழே அமிலம், 7.45-க்கு மேலே காரம்.

படி 3: யார் செய்த வேலை? கார்பன் டை ஆக்சைடு (35–45) நுரையீரலின் பொறுப்பு. அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் (22–26) சிறுநீரகம், வளர்சிதை மாற்றத்தின் பொறுப்பு. பி.எச். போன திசைக்கு எது காரணமாக முடியுமோ அதுதான் மூலக் கோளாறு.

படி 4: ஈடுகட்டல் போதுமா? அதாவது, ஒரு பக்கக் கோளாறைச் சரிக்கட்ட மறுபக்கம் போதிய அளவு மாறியிருக்கிறதா? புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இது. சர்க்கரை நோயாளி ஒருவருக்குக் கீட்டோன் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பி.எச். 7.10, கார்பன் டை ஆக்சைடு 30, பைகார்பனேட் 9. "30தானே, நல்லா மூச்சு வாங்கி வெளியேத்துறார்" என்று நிம்மதியாகத் தோன்றும். கணக்குப் போடுங்கள்: பைகார்பனேட்டை 1.5-ஆல் பெருக்கி 8 கூட்டினால் 21.5. இவருக்கு இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு இதுதான். இரண்டு முன்னே பின்னே இருக்கலாம். இவருக்கு 30 என்பது அதிகம்! மூச்சுவிட்டுக் களைத்துப்போகிறார், அல்லது நுரையீரலிலும் ஏதோ சிக்கல். மிச்சக் கணக்கை அப்புறம் போடலாம், முதலில் சீனியரைக் கூப்பிடுங்கள்.

படி 5: அயனி இடைவெளி (anion gap). சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழியுங்கள். மேலே சொன்னவருக்குச் சோடியம் 136, குளோரைடு 100 என்றால் இடைவெளி 27. வழக்கமாக 8–12தான் இருக்கும். கீட்டோன், லாக்டேட் போன்ற அமிலம் சேர்ந்தால் இப்படி ஏறும். வயிற்றுப்போக்கில் பைகார்பனேட் வெளியேறும்போது குளோரைடு ஏறிவிடுவதால் இடைவெளி பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

ஐ.சி.யூ.வில் நாள்கணக்காகக் கிடப்பவர்களுக்கு அல்புமின் என்ற ரத்தப் புரதம் இறங்கியிருக்கும். அதனால் இடைவெளியும் குறைத்துக் காட்டும். 4-லிருந்து குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் இடைவெளியோடு 2.5 கூட்டிக்கொள்ளுங்கள். அல்புமின் 2 உள்ளவருக்குச் இடைவெளி 12 என்று வந்தால், அது 17.